நிலாப் பள்ளியும் நீதிமன்றமும்

நுழையும்முன்

ஓர் ஊரின் பள்ளியை நடத்த வேண்டியவர் யார்? அவ்வூர் மக்களா, அரசா? ஊராரே நடத்துவதாயின், வருவாய் குன்றிய ஊரில் பிறந்த குழந்தையின் கல்விக்கு யார் பொறுப்பேற்பது? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கென்டக்கி மாநிலத்து மலையூர்கள் இவ்வினாக்களை நெடுங்காலம் எதிர்கொண்டன. அவை கண்ட விடையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நிலவொளியில் திறந்த பள்ளிகள்

கென்டக்கியின் கிழக்குப் பகுதி அப்பலாச்சிய மலைத்தொடரைச் சார்ந்தது. குன்றுகளுக்கிடையே ஓடும் சிற்றாறுகளின் கரைகளில் சிதறிக் கிடக்கும் வீடுகளே அங்கு ஊர்கள். அப்பகுதியில் ரோவன் கவுண்டி என்னும் ஆட்சிப் பிரிவு உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் பள்ளிக் கண்காணிப்பாளராகப் பணியாற்றியவர் கோரா வில்சன் ஸ்டூவர்ட் என்னும் பெண்மணி. தொலைவூரில் வாழும் பிள்ளைகள் எழுதிய மடலைத் தாமே படிக்க இயலாத பெற்றோர் பலரை அவர் கண்டார். பகலில் குழந்தைகள் பயிலும் பள்ளிகளை இரவில் பெரியோருக்குத் திறந்துவிட எண்ணினார். மலைப்பாதைகளில் விளக்குகள் இல்லை. ஆகவே, நிலவு காயும் இரவுகளையே வகுப்புகளுக்குத் தேர்ந்தெடுத்தார். ஆசிரியர்கள் ஊதியமின்றிக் கற்பிக்க முன்வந்தனர்.

1911-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் அவ்வகுப்புகள் தொடங்கின. 150 பேரேனும் வருவர் என அவர் எதிர்பார்த்தார். வந்தவர்களோ 1,200 பேருக்கும் மேல். பதினெட்டு வயது இளைஞரும் எண்பத்தாறு வயது முதியவரும் ஒரே கூரையின்கீழ் எழுத்துப் பயின்றனர். ‘நிலாப் பள்ளிகள்’ எனப் பெயர்பெற்ற இம்முயற்சி பிற மாநிலங்களுக்கும் பரவியது.

தலைநகரிலிருந்து ஆணை எதுவும் வராமலே இது நிகழ்ந்தது. கண்காணிப்பாளர் தம் பள்ளிகளை அறிந்திருந்தார். ஆசிரியர்கள் தம் மாணவரின் குடும்பங்களை அறிந்திருந்தனர். சிறிய அமைப்பின் வலிமை இந்த அணுக்கத்தில் இருக்கிறது.

பள்ளி மாவட்டம் என்னும் அமைப்பு

நம் மாநிலத்தில் கல்வி மாவட்டம் என்பது அரசுத் துறையின் ஒரு நிருவாகப் பிரிவு. அமெரிக்காவின் ‘பள்ளி மாவட்டம்’ அதனின்றும் வேறுபட்டது. அது மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் வாரியத்தையும், வரி விதிக்கும் உரிமையையும் உடைய ஒருவகை உள்ளாட்சி எனலாம். 1939-40-ஆம் கல்வியாண்டில் அந்நாட்டில் ஏறத்தாழ 1,17,000 பள்ளி மாவட்டங்கள் இருந்தன. ஓராசிரியர் பள்ளிகள் மறைந்து, சிறு மாவட்டங்கள் ஒன்றிணைந்தமையால் இன்று அவை ஏறத்தாழ 13,000 ஆகச் சுருங்கியுள்ளன.

கென்டக்கியில் 120 கவுண்டிகள் உள்ளன. பெரும்பாலும் ஒவ்வொரு கவுண்டியும் ஒரு பள்ளி மாவட்டமாகும். சில நகரங்களுக்குத் தனி மாவட்டங்களும் உண்டு. சிற்றூர் மாவட்டம் ஒன்றின் பள்ளி வாரியத்தில் ஐந்து உறுப்பினர் இருப்பர். கட்சிச் சார்பின்றி நான்காண்டுக்கு ஒருமுறை அவர்களை மக்கள் தேர்ந்தெடுக்கின்றனர். உழவரோ, கடைக்காரரோ, ஓய்வுபெற்ற செவிலியரோ இவ்வாரியத்தில் அமரலாம். கூட்டங்களுக்கு வருவதற்காகச் சிறு தொகை பெறுவதன்றி அவர்களுக்கு மாத ஊதியம் இல்லை. வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளிப்பது, வரி வீதத்தை முடிவு செய்வது, கண்காணிப்பாளரை அமர்த்துவது ஆகியன வாரியத்தின் தலையாய கடமைகள். அன்றாட நிருவாகம் கண்காணிப்பாளரைச் சார்ந்தது. மலைவளைவுகளில் பேருந்து செல்லும் வழியை வகுப்பதும், பனி பொழியும் விடியலில் பள்ளிக்கு விடுமுறை விடுவதா என முடிவெடுப்பதும் அவரது பொறுப்பில் அடங்கும்.

நிலவரியும் கல்வியும்

பள்ளி மாவட்டத்தின் வருவாய் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, அவ்வூர் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் விதிக்கப்படும் சொத்து வரி. இரண்டாவது, மாநில அரசின் நிதி. மூன்றாவது, ஒன்றிய அரசின் உதவி. இவற்றுள் முதலாவதே ஊருக்கு ஊர் பெரிதும் மாறுபடுவது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளங்கிக்கொள்ளலாம். நூறு டாலர் சொத்துக்கு முப்பது சென்ட் வரி எனக் கொள்வோம். ஒரு மாணவருக்கு ஓர் இலட்சம் டாலர் மதிப்புள்ள சொத்து அமைந்த மாவட்டத்தில், அவ்வரியால் மாணவர் ஒருவருக்குக் கிடைப்பது 300 டாலர். ஐந்து இலட்சம் டாலர் சொத்து அமைந்த மாவட்டத்தில் கிடைப்பது 1,500 டாலர். அந்த 1,500 டாலரைத் திரட்ட வேண்டுமாயின், முன்னைய மாவட்டத்தின் ஏழை மக்கள் ஐந்து மடங்கு வரி செலுத்த வேண்டும். வருவாய் மிகுந்தோர் குறைந்த வீதத்தில் மிகுதியாகப் பெறுவர். வறியோர் மிகுந்த வீதத்தில் செலுத்தியும் குறைவாகவே பெறுவர்.

கிழக்குக் கென்டக்கியில் மண்ணுக்கடியில் நிலக்கரி வளம் இருந்தது. எனினும், தோண்டப்படாத நிலக்கரிக்கு விதிக்கப்பட்ட வரி பெயரளவினதாகவே இருந்தது. அச்சலுகை செல்லாது என மாநில உச்ச நீதிமன்றம் 1988-இல்தான் தீர்ப்பளித்தது. அதுவரை, செல்வத்தின்மேல் அமைந்த ஊர்களின் பள்ளிகள் வறுமையில் வாடின.

> தெரியுமா?
> 1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், கிழக்குக் கென்டக்கியின் மலையூர்களுக்குப் பெண் நூலகர்கள் குதிரைகளிலும் கோவேறு கழுதைகளிலும் நூல்களைச் சுமந்து சென்று வழங்கினர். ஒன்றிய அரசின் வேலைவாய்ப்புத் திட்டம் அவர்களுக்கு ஊதியம் அளித்தது.

அறுபத்தாறு மாவட்டங்களின் வழக்கு

1985-ஆம் ஆண்டு 66 பள்ளி மாவட்டங்கள் ஒன்றுகூடித் தம் மாநில அரசின்மீது வழக்குத் தொடுத்தன. அவற்றுள் பெரும்பாலானவை வருவாய் குன்றிய சிற்றூர் மாவட்டங்கள். மாநிலத்தின் முன்னாள் ஆளுநரும், கிழக்குக் கென்டக்கியில் பிறந்தவருமான பெர்ட் கோம்ஸ் அவற்றின் சார்பில் வழக்காடினார்.

மாநிலம் முழுவதற்கும் செம்மையாக இயங்கும் பொதுப்பள்ளி முறையைச் சட்டமன்றம் அமைத்துத்தர வேண்டும் என்பது கென்டக்கி அரசமைப்பின் 183-ஆம் பிரிவு. ‘செம்மையாக’ என்பதன் பொருள் யாது? இவ்வொரு சொல்லைச் சுற்றியே வழக்கு சுழன்றது. 1989-ஆம் ஆண்டு சூன் 8-ஆம் நாள் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தலைமை நீதிபதி ராபர்ட் ஸ்டீபன்ஸ் அதனை எழுதினார்.

ஒவ்வொரு குழந்தையும் பெற வேண்டிய ஏழு திறன்களை அத்தீர்ப்பு வரையறுத்தது. பேச்சிலும் எழுத்திலும் கருத்தை உணர்த்தும் ஆற்றல், சமூகப் பொருளாதார அமைப்புகளைப் பற்றிய அறிவு, அரசு இயங்கும் முறையைப் பற்றிய தெளிவு, தன் உடல்நலமும் மனநலமும் பேணும் அறிவு, கலைகளில் ஈடுபாடு, மேற்கல்விக்கோ தொழிலுக்கோ உரிய பயிற்சி, அண்டை மாநில மாணவரோடு நிகர்நிற்கும் திறமை ஆகியன அவை. இவற்றை ஒரு குழந்தை பெறுவது அது பிறந்த ஊரின் செல்வத்தைப் பொறுத்ததாக இருத்தல் கூடாது. மாவட்டங்களின் வழியாக நடத்தினும் இறுதிப் பொறுப்பு மாநிலத்தினுடையதே எனத் தீர்ப்பு உரைத்தது.

வழக்குத் தொடுத்தோரும் எதிர்பாராத ஒன்று அதில் இருந்தது. நிதிச் சட்டம் மட்டுமன்று, மாநிலத்தின் பள்ளி அமைப்பு முழுமையுமே அரசமைப்புக்கு முரணானது என நீதிமன்றம் அறிவித்தது. பள்ளி வாரியங்களை உருவாக்கிய சட்டங்களும் அதற்குத் தப்பவில்லை.

சட்டம் கொணர்ந்த மாற்றம்

அடுத்த ஆண்டே, 1990-இல், கென்டக்கிக் கல்விச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. விற்பனை வரி ஐந்திலிருந்து ஆறு விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு மாணவருக்கும் அடிப்படைத் தொகை ஒன்றை மாநிலம் உறுதி செய்தது. மாவட்டம் தன் பங்காக நூறு டாலர் சொத்துக்குக் குறைந்தது முப்பது சென்ட் அளவில் வரி திரட்ட வேண்டும். அடிப்படைத் தொகைக்குக் குறைவதை மாநிலம் ஈடு செய்யும். வறிய குடும்பத்து மாணவர், மாற்றுத்திறன் மாணவர், பேருந்துப் போக்குவரத்து ஆகியவற்றுக்குக் கூடுதல் நிதியும் கிடைத்தது. வறிய குழந்தைகள் மிகுந்த பள்ளிகளில் குடும்ப நல மையங்கள் தோன்றின. பசியோடும் பல்வலியோடும் வரும் குழந்தை பாடத்தில் மனம் செலுத்துதல் அரிது என்பதை அச்சட்டம் உணர்ந்திருந்தது.

நிதியோடு கட்டுப்பாடும் வந்தது. சிற்றூர்க் கவுண்டிகள் பலவற்றில் பள்ளி மாவட்டமே மிகுதியான வேலைவாய்ப்பை அளிப்பது. அங்கு உறவும் வாக்கும் பணி நியமனத்தில் இடம்பெறுதல் எளிது. நிலாப் பள்ளியைத் தோற்றுவித்த அதே அணுக்கம், தகுதியற்றவரைப் பணியில் அமர்த்தவும் வழிவகுக்கும். ஆதலால், பணியாளரை அமர்த்தும் அதிகாரத்தைச் சட்டம் வாரியத்திடமிருந்து அகற்றிக் கண்காணிப்பாளரிடம் அளித்தது. வாரிய உறுப்பினரின் நெருங்கிய உறவினர் அம்மாவட்டத்தில் பணியேற்பதையும் கட்டுப்படுத்தியது. பள்ளிதோறும் தலைமையாசிரியர், ஆசிரியர் மூவர், பெற்றோர் இருவர் அடங்கிய மன்றம் அமைந்தது. பாடத்திட்டம் முதலியவற்றை முடிவு செய்யும் உரிமை அதற்குக் கிடைத்தது. 2022-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையில் ஒரு பகுதியை மீண்டும் கண்காணிப்பாளரிடம் ஒப்படைத்தது. ஊருக்கு எவ்வளவு, மேலமைப்புக்கு எவ்வளவு என்னும் கணக்கு அங்கு இன்னும் முடியவில்லை.

தேர்ச்சியை அளத்தல்

இத்தகைய மாவட்டத்தின் செயற்பாட்டை எவ்வாறு மதிப்பிடுவது? மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும், உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறையும், வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு நடத்த வேண்டும் என ஒன்றியச் சட்டம் வற்புறுத்துகிறது. முடிவுகள் பொதுமக்கள் அறிய வெளியிடப்படுகின்றன.

அவற்றைப் படிப்போர்க்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஆயிரம் பேர் எழுதும் தேர்வில் ஒரு மாணவரின் தோல்வி பத்தில் ஒரு பங்கு விழுக்காட்டினும் மிகாது. இருபத்தைந்து பேர் பயிலும் வகுப்பிலோ அது நான்கு விழுக்காடு. இரு குடும்பங்கள் வேலை தேடி ஊரைவிட்டு நீங்கினாலும் மாவட்டத்தின் மதிப்பெண் ஏறலாம், இறங்கலாம். எனவே, சிறு மாவட்டத்தை ஓராண்டின் எண்ணால் உயர்த்துவதும் தாழ்த்துவதும் பிழை. பல ஆண்டுகளின் போக்கு, மாணவர் வருகை, இடைநிற்றல், ஆசிரியர் நிலைத்திருத்தல் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். வருகை நிதியையும் பாதிக்கும். கென்டக்கியில் மாநில நிதி, சராசரி நாள் வருகையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது.

மாநில அளவில் முன்னேற்றம் தெளிவாகவே தெரிகிறது. பள்ளிக் கல்வியை முடித்தோர் விகிதத்தில் ஒருகாலத்தில் கடைநிலையில் இருந்தது கென்டக்கி. 2010-களின் இறுதியில், உயர்நிலைக் கல்வியை உரிய காலத்தில் முடிப்போர் அங்கு ஏறத்தாழ 90 விழுக்காடாயினர். இது நாட்டின் சராசரியினும் மிகுதி. 2015-ஆம் ஆண்டுத் தேசிய மதிப்பீட்டில் நான்காம் வகுப்பினரின் வாசிப்புத் திறனும் நாட்டின் சராசரியைக் கடந்து நின்றது.

எனினும், வென்றது நிலைத்துவிடவில்லை. 2008-ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சரிவுக்குப்பின் மாநிலத்தின் அடிப்படைத் தொகை விலைவாசிக்கு ஏற்ப உயரவில்லை. குறையைச் செல்வ மாவட்டங்கள் தம் வரியால் நிரப்பிக்கொண்டன. வறிய மாவட்டங்களால் அது இயலவில்லை. சுரங்கங்கள் மூடப்பட்டு மக்கள் வெளியேறியதால் மலையூர்ப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கையும் குறைந்தது. சுருங்கியிருந்த இடைவெளி மீண்டும் விரியலாயிற்று.

ரோவன் கவுண்டியின் ஆசிரியர்கள் நிலவொளியில் நடந்து சென்று பள்ளிக் கதவைத் திறந்தனர். அவர்களது ஈடுபாட்டை எந்தச் சட்டமும் உண்டாக்க இயலாது. ஆனால், அவர்கள் திறந்த பள்ளிக்குக் கூரையும் நூலும் ஊதியமும் ஊரின் செல்வத்தைப் பாராமல் கிடைக்கச் செய்வது மாநிலத்தின் கடன். ஊரார் தம் பள்ளியைத் தமதெனக் கொள்ளுதலும், மாநிலம் ஒவ்வொரு குழந்தையையும் தனதெனக் கொள்ளுதலும் சேர்ந்தே நிகழ வேண்டும் என்பதைக் கென்டக்கியின் வரலாறு காட்டுகிறது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர் ஒருவரைச் சந்தித்து, அக்குழு அண்மையில் எடுத்த முடிவுகளைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ‘ஊர்ப் பள்ளியை ஊராரே நடத்துதல் வேண்டும்’ என்னும் தலைப்பில் ஒட்டியும் வெட்டியும் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. நீதிமன்றம் வரையறுத்த ஏழு திறன்களுள் உங்கள் பள்ளியில் எவை நன்கு வளர்க்கப்படுகின்றன, எவற்றில் கருத்துச் செலுத்த வேண்டும் எனக் குழுவாகக் கலந்துரையாடுக.