கண்காணா வீடுகள் – 7: களவெடுத்தவன் எழுதும் கணக்கு

நாம் மாத வாடகைக்கு எடுக்கும் வழங்கி ஒரு தனி இயந்திரமன்று, ஒரு பேரியந்திரத்தின் வயிற்றுக்குள் வகுத்து வைத்த பல மெய்நிகர் இயந்திரங்களுள் ஒன்றே என்பதும், அவற்றை வகுத்து ஆளும் நிர்வாகிக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர் என்பதும் முன்னரே சொல்லியாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளலாம். இவ்வாரம் வட்டைப் பற்றியும் அதைப் பிரதியெடுத்துக் காக்கும் முறையைப் பற்றியும் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். அந்த வாக்கை நிறைவேற்ற முடியாதபடி செவ்வாய்க்கிழமை மாலை என் பெறாமகன் ஒரு காரியம் செய்துவிட்டான்.

அவன் கோப்பாயில் இருந்துகொண்டே, கடல் கடந்த ஏதோ ஒரு ஊரில் கிடக்கும் வழங்கியொன்றை ஓர் அச்சகத்துக்காகப் பராமரித்து வருபவன். அது சில நாட்களாக மந்தமாகிவிட்டது என்று குறைபட்டுக்கொண்டு, கறுப்புத் திரையில் ‘டொப்’ என்னும் கட்டளையைத் தட்டினான். மூன்றாவது வரியில் எட்டு எண்கள் தோன்றின.

“பெரியப்பா, கடைசி எண்ணைப் பாருங்கோ. எஸ்.டி. எண்டால் ஸ்டீல். எங்கட நேரத்தில நூற்றுக்குப் பன்னிரண்டு களவு போகுது.”

“ஆர் களவெடுக்கிறது?”

“பக்கத்து வீட்டுக்காரன். அவன் ஆரெண்டு எங்களுக்குத் தெரியாது. அவனுக்கும் எங்களைத் தெரியாது.”

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. களவு என்ற சொல்லைத் தன் வாயாலேயே சொல்லும் இயந்திரத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

விஷயம் இதுதான். நினைவகத்தை வகுப்பது, வேலியடைத்த காணியைப் போன்றது. உமது இரண்டு கிகாபைட்டுக்குள் மற்றவன் சாதாரணமாகக் கால் வைக்க இயலாது. (இரவோடிரவாகக் கதியாலை நகர்த்தும் வித்தைகள் அங்கும் உண்டு; அவை இப்போது வேண்டாம்.) செயலியோ அப்படியன்று, அதை வேலி போட்டு வகுப்பது அரிது, பெரும்பாலும் முறை வைத்தே பங்கிடுகிறார்கள். 2003 ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையார் வெளியிட்ட ஸென் என்னும் ஹைப்பர்வைசரில் பின்னர் வந்த ஒழுங்கின்படி, ஒருவருக்கு ஒரு முறை என்பது ஒரு விநாடியின் ஆயிரத்தில் முப்பது பாகம். அது முடிந்ததும் காத்து நிற்கும் அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். இருக்கும் முறைகளைக் காட்டிலும் அதிகம் பேருக்குப் பங்கு விற்றுவிட்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் வியாபாரம் நடத்துவது இத்தொழிலின் சம்பிரதாயம்.

இதைப் படிக்கும் யாழ்ப்பாணத்து வாசகருக்குப் பங்குக்கிணறு ஞாபகம் வராமற் போகாது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால் ஆறென்று சொல்ல ஒன்றில்லாத இத்தீபகற்பத்தில், காணியை எழுதும் உறுதியிலேயே கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் உள்ள பங்கையும் சேர்த்தெழுதும் வழக்கம் வேரூன்றியதில் வியப்பில்லை. 1707 ஆம் ஆண்டு ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலிமார் பார்வையிட்டு ஒப்பிய தேசவழமை, பங்காளியொருவன் தன் பங்கை விற்கப் புகுந்தால் மற்றப் பங்காளிகளுக்கே முதலுரிமை என்று விதித்தது; ஆங்கிலேயரும் 1806 இல் அதற்குச் சட்டவலு அளித்தனர். அந்நியன் கிணற்றடிக்கு வந்து நிற்பதற்கு முன் நம்மைக் கேட்டாக வேண்டும் என்பதே அதன் பொருள். வழங்கி வியாபாரத்தில் நம் அயலவனை நமக்குச் சொல்லாமலே குடியேற்றுகிறார்கள்.

கிணற்றைப் பற்றித் தொடங்கிவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. நமது சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பதடி இருக்கும் என்பது நிலத்தடி நீரை ஆராய்ந்தோர் கண்ட விதி. எனவே மேலே ஓரடி இறங்கினால் அடியிலிருந்து உப்பு நாற்பதடி ஏறப் பார்க்கும். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதனின் காலும் கையும் ஓய்ந்ததே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. இயந்திரம் வந்தபின் ஓய்வென்பது ஒழிந்தது. ஆனால் துலாக் காலத்திலும் சரி, பிற்காலத்திலும் சரி, முறை தப்பி இறைத்தவன் அகப்பட்டது ஒரே காரணத்தினால்தான்: வாய்க்காலில் ஓடும் தண்ணீரை அயலவன் தன் கண்ணாற் கண்டான்.

வழங்கிக்குள் இருப்பவனுக்கு அந்தக் கண்ணும் இல்லை. அவனுடைய முறை பறிபோகும் கணத்தில் அவன் மயங்கிக் கிடக்கிறான். மயங்கியவன் தான் மயங்கிய நாழிகையை எண்ணுவது எங்ஙனம்? இங்கேதான் அந்த அதிசயம். 2007 முதல் லினக்ஸின் அங்கமாகிவிட்ட கே.வி.எம். என்னும் ஏற்பாட்டில், விருந்தாளி இயந்திரம் தன் நினைவகத்தில் ஒரு சிறு இடத்தை ஒதுக்கி, ‘இன்ன இடம்’ என்று வீட்டுக்காரனான ஹைப்பர்வைசருக்கு அறிவித்துவிடுகிறது. மயக்கம் தெளிந்து அதனை மறுபடி ஓடவிடும்போது, அது ஓட ஆயத்தமாக இருந்தும் எவ்வளவு நேரம் காக்கவைக்கப்பட்டது என்பதை வீட்டுக்காரனே அவ்விடத்தில் எழுதிவைக்கிறான். கள்வனுக்குக் கதவு திறந்துவிட்டவனே களவுக்கணக்கையும் எழுதி, பறிகொடுத்தவனின் தலையணைக்கடியில் வைத்துப் போகிறான்! இப்படியொரு நாணயத்தை நான் மனிதரிடையே அதிகம் பார்த்ததில்லை.

ஆயினும் அந்தக் கணக்கை எழுதுவது கட்டாயமன்று. எழுத விரும்பாத வீட்டுக்காரன் அவ்வசதியையே மூடிவிட்டால் கடைசி எண் எந்நாளும் சுழியாகவே நிற்கும்.

பெறாமகன் புதன்கிழமை முறைப்பாடு எழுதினான். வியாழன் காலை அவன் வழங்கியை ஓட்டம் நிற்காமலே வேறொரு பேரியந்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். (ஓடிக்கொண்டிருக்கும் வீட்டைத் தூக்கி மாற்றுவது எவ்வாறென்பது அடுத்த வாரம், வட்டு அதற்கடுத்த வாரம்.) கடைசி எண் இப்போது சுழி. “பாத்தீங்களே பெரியப்பா, களவு நிண்டு போச்சு” என்றான்.

“களவு நிண்டதோ, கணக்கு நிண்டதோ?” என்று கேட்டேன்.

அவன் பதில் சொல்லவில்லை. ஒரே பெருக்கற்கணக்கைத் திரும்பத் திரும்பப் போடவிட்டு, ஒவ்வொரு தரமும் எத்தனை விநாடி செல்கிறதென்று தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறான். இதழுக்கு இதை அனுப்பும் இந்நேரம் வரை நாற்பத்து மூன்று தரம் ஆகியிருக்கிறது.