இரவிலும் இறங்காத பிரஷர்

டாக்டரிடம் போனால் கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷர், பகலின் ஒரு நிமிடக் கணக்குதான். தூங்கும்போது அது என்ன ஆகிறது?

இயல்பாக இரவில் 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். பகல் சராசரியில் மேல் அளவு 140 என்றால், தூக்கத்தில் 126 அல்லது அதற்கும் கீழே வர வேண்டும். சிலருக்கு அவ்வளவு இறங்குவதில்லை. வேறு சிலருக்கு ஏறவே செய்கிறது. 1988-இல் அயர்லாந்து மருத்துவர் இயோன் ஓ'பிரையன் குழுவினர், இப்படி இறங்காதவர்களை ‘நான்-டிப்பர்’ என்று அழைத்தார்கள். பக்கவாதம் வந்தவர்கள் இவர்களிடையே அதிகம் இருந்தார்கள்.

ஜப்பானின் ஒஹாசாமா ஊர் மக்களிடம் நடந்த நீண்டகால ஆய்வின் முடிவு 2002-இல் வெளியானது. இரவு இறக்கத்தில் 5 சதவீதம் குறைந்தால், இதய, ரத்தநாள நோயால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ 20 சதவீதம் கூடுகிறது. 24 மணி நேரச் சராசரி சரியாக இருந்தவர்களும் இதற்கு விலக்கல்ல.

பிரஷர் இரவில் இறங்காததற்குக் காரணங்கள் பல: குறட்டையோடு மூச்சு தடைப்படும் தூக்கம், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, உப்பு. பகலில் உப்பை முழுதாக வெளியேற்ற முடியாத சிறுநீரகம், மிச்ச வேலையை இரவில் முடிக்க உயர்ந்த அழுத்தத்தையே நம்பியிருக்கிறது.

இதன் தடயம் ரத்தத்திலும் தெரிகிறது. வெள்ளணுக்களில் நியூட்ரோபில், லிம்போசைட் இரண்டுக்கும் உள்ள விகிதம், அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம், யூரிக் அமிலம் ஆகியவை நான்-டிப்பர்களிடம் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. ஆனால் சாதாரணக் காய்ச்சலிலும் நியூட்ரோபில் ஏறும். ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து இரவு பிரஷரைச் சொல்லிவிட முடியாது.

அதற்கு 24 மணி நேரக் கருவி வேண்டும். பகலில் 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை, இரவில் பெரும்பாலும் அரை மணிக்கு ஒருமுறை அளக்கும். இரவுச் சராசரி 120/70-ஐத் தொட்டால் அது உயர் அழுத்தம்.

மாத்திரையை இரவுக்கு மாற்றினால் போதுமா? பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ‘டைம்’ ஆய்வில் (2022), காலையில் போட்டவர்களுக்கும் இரவில் போட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதத்தில் வித்தியாசம் இல்லை. எனவே நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள். சர்க்கரை, சிறுநீரக நோய், பலத்த குறட்டை இருந்தால், 24 மணி நேரப் பரிசோதனை தேவையா என்று அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள்.