திருப்பூர் எழுந்தது… சேவூர் காட்டுக்கு என்ன கிடைத்தது?

அவிநாசியிலிருந்து புளியம்பட்டி போகும் சாலையில் இருக்கிறது சேவூர். திங்கட்கிழமை இங்கே ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நிலக்கடலை ஏலம். தினமும் காலையில் இதே சாலையில் பனியன் கம்பெனி வேன்கள் திருப்பூருக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன. மாமியார் மாட்டைப் பார்த்துக்கொள்ள, மருமகள் டெய்லர் வேலைக்கும் மகன் செக்கிங் வேலைக்கும் போகும் வீடுகள் இந்தப் பக்கம் ஏராளம். திருப்பூருக்குச் சளி பிடித்தால் இந்த வீடுகளுக்குக் காய்ச்சல் வரும். கொரோனாவில் அதுதான் நடந்தது.

திருப்பூர் மீண்டுவிட்டது என்று ஏற்றுமதிக் கணக்கு சொல்கிறது. அந்த மீட்சியில் காட்டை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு எவ்வளவு பங்கு வந்தது?

ஷட்டர் இறங்கிய நாட்கள்

2020 மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் துணிக்கடைகள் மூடிக் கிடந்தன. தைத்து முடித்த சரக்கே கம்பெனிகளில் தேங்கியது. பல ஆர்டர்கள் ரத்தாயின, பல தள்ளிப்போயின. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் மே மாதத்தில் சிறப்பு ரயில்களில் ஊர் திரும்பினார்கள்.

சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை சம்பளம் வாங்கிப் பழகிய வீடுகளில் காசு நின்றுபோனது. அரிசி அட்டைக்கு அரசு கொடுத்த 1,000 ரூபாயும் ரேஷன் அரிசியும் கொஞ்ச நாள் தாங்கின. ஆனால் விவசாய வேலைக்கும் பாலுக்கும் ஊரடங்கில் விலக்கு இருந்தது. சொசைட்டிக்குப் பால் ஊற்றிய வீட்டில் பால் பணம் வந்தது. நாலு ஆடு வைத்திருந்தவர்கள் ஒன்றை விற்றுச் சமாளித்தார்கள். சும்மா கிடந்த மானாவாரிக் காட்டில் சோளமும் கடலையும் விதைத்தவர்களும் உண்டு. காடும் மாடும் இல்லாமல் கூலியை மட்டும் நம்பியிருந்த வீடுகளுக்குத்தான் அடி பலமாக விழுந்தது.

எழுந்தது எப்படி?

முதலில் கை கொடுத்தவை முகக்கவசமும் மருத்துவர்களுக்கான பாதுகாப்பு உடையும். பனியன் தைத்த மிஷின்களில் இவற்றைத் தைத்துப் பல கம்பெனிகள் ஷட்டரைத் திறந்தன. சொத்து அடமானம் கேட்காமல், ஏற்கெனவே இருந்த கடனில் 20 சதவிகிதம் கூடுதலாகக் கொடுக்கும் அவசரக் கடன் திட்டத்தை மத்திய அரசு 2020 மே மாதம் அறிவித்தது. சிறு கம்பெனிகளுக்கு அது மூச்சுவிட உதவியது.

பிறகு ஆர்டர் வந்தது. வீட்டிலேயே இருந்த வெளிநாட்டு மக்கள் கோட்டு, சூட்டு வாங்கவில்லை. டி-சர்ட், இரவு உடை, குழந்தைகள் துணி வாங்கினார்கள். அதெல்லாம் திருப்பூர் சரக்கு. சீனாவை மட்டும் நம்பக்கூடாது என்று நினைத்த வியாபாரிகளும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். 2021 மே மாதம் இரண்டாம் அலையில் மறுபடி மூடல் வந்தும், 2020-21இல் 25,000 கோடி ரூபாயை ஒட்டி இருந்த ஏற்றுமதி, 2021-22இல் 33,000 கோடியைத் தாண்டியது.

கோடி கூடியது, பீஸ் கூடியதா?

இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அந்த ஓர் ஆண்டில் நூல் விலை ஏறுமுகமாகவே இருந்தது. 2021 நவம்பரில் ஒரே அடியாகக் கிலோவுக்கு 50 ரூபாய் ஏறியபோது திருப்பூர் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தது. 2022 மே மாதம் மறுபடி இரண்டு நாள் நிறுத்தம். அப்போது ஒரு கண்டி (356 கிலோ) பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. நூல் விலை ஏறினால் பனியன் விலையும் ஏறும். ஆக, கூடிய கோடிகளில் ஒரு பகுதி நூல் விலைதான். அந்த அளவுக்குத் தைத்த பீஸும் கூடவில்லை, தைத்தவர் கூலியும் கூடவில்லை. பழைய விலைக்கு ஆர்டர் பிடித்த சிறு கம்பெனிகளும், ஜாப் ஒர்க் செய்யும் பவர் டேபிள்காரர்களும் நசுங்கினார்கள்.

பருத்தி விவசாயிக்கு அது நல்ல ஆண்டு. நாட்டின் பல சந்தைகளில் பருத்தி குவிண்டால் 10,000 ரூபாயைத் தாண்டியது. அந்த ஆண்டு நீண்ட இழைப் பருத்திக்கு அரசு நிர்ணயித்த ஆதரவு விலை 6,025 ரூபாய்தான். ஆனால் அந்த லாபத்தில் பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானா பக்கம் போனது. கொங்கு நாட்டில் பருத்திப் பரப்பு சுருங்கிப் பல காலம் ஆகிறது. அவிநாசியில் இன்றும் பருத்தி ஏலம் நடக்கிறது. ஆனால் திருப்பூருக்குத் தேவையான பஞ்சில் உள்ளூர்க் காட்டின் பங்கு சொற்பம்.

கடலை பிடுங்க ஆள் எங்கே?

கம்பெனி ஓடினால் காட்டுக்கு ஆள் கிடைக்காது. கம்பெனி வேலை நிழலில். மாதம் முழுக்க உண்டு. காட்டு வேலை வெயிலில்; பருவத்துக்கு மட்டும். கடலை பிடுங்கவும் காய் பறிக்கவும் ஆள் கிடைக்காமல், கிடைத்தாலும் கூலி கட்டாமல், மானாவாரிக் காட்டைச் சோளத்தட்டுக்கு விட்டுவிட்டு மாட்டோடு நிற்பவர்கள் கூடிவருகிறார்கள். கூலி ஏறுவது தொழிலாளிக்கு நியாயமே. கடலை விலை அதற்கு ஈடாக ஏறாததுதான் சிக்கல்.

ஒரு நல்ல மாற்றமும் நடந்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் வரும் உபரி நீரைக் குழாயில் கொண்டுவந்து, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்கு விடும் திட்டம் இது. குளம் நிரம்பினால் சுற்றுக் கிணறுகளில் தண்ணீர் ஊறும். கம்பெனி மூடினாலும் வீட்டைத் தாங்க ஒரு காடு இருக்கும்.

மறுபடியும் ஓர் அடி

2024-25இல் திருப்பூரின் ஏற்றுமதி 40,000 கோடி ரூபாய் அளவை எட்டியது. அடுத்த சில மாதங்களில், 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவிகித வரி போட்டது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. கொரோனாவில் நோய் மூடிய ஷட்டரை வரியும் மூட முடியும் என்பது தெரிந்துபோனது.

கம்பெனி வருமானம் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. பிள்ளைகள் படிப்பும் வீட்டுக் கடனும் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் ஆர்டர் நன்றாக வரும் நாளில், ‘இனி எதற்கு?’ என்று மாட்டை விற்பதும், கிணற்றைத் தூர்ப்பதும், கடைசி ஏக்கரை மனையாக்குவதும் யோசித்துச் செய்ய வேண்டியவை. 2020இல் சோறு போட்டவை அவைதான்.

வாசகர்கள் கேட்பவை

கம்பெனி திடீரென மூடினால் என்ன கிடைக்கும்?
பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் வழி உண்டு. கொரோனாவின்போது பி.எஃப். கணக்கிலிருந்து மூன்று மாதச் சம்பளம் அல்லது இருப்பில் 75 சதவிகிதம், இரண்டில் எது குறைவோ அதை எடுக்க அனுமதித்தார்கள். வேலை இழந்த இ.எஸ்.ஐ. உறுப்பினருக்கு 90 நாள் வரை பாதிச் சம்பளம் தரும் திட்டமும் இருந்தது. கணக்கில் பெயர் இல்லாதவர்களுக்கு இரண்டுமே கிடைக்கவில்லை. ஆகவே வேலைக்குச் சேரும்போதே பி.எஃப். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஆதார், வங்கிக் கணக்கு இரண்டையும் அதோடு இணைத்து வையுங்கள்.

பஞ்சு இறக்குமதி வரியை நீக்கினால் பருத்தி விவசாயிக்கு நட்டமா?
2021 முதல் இருந்த 11 சதவிகித வரியை 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் இறுதி வரை மத்திய அரசு நீக்கியது. கம்பெனிகள் கேட்ட சலுகை இது. ஆனால் வடமாநிலங்களில் புதுப் பருத்தி சந்தைக்கு வருவதும் அந்த மாதங்களில்தான். வெளிநாட்டுப் பஞ்சு மலிவாக வந்தால் உள்ளூர் விலை இறங்கும். 2025-26 பருவத்துக்கு ஆதரவு விலை நடுத்தர இழைக்கு 7,710, நீண்ட இழைக்கு 8,110 ரூபாய். இதைவிடக் குறைவாகக் கேட்டால் இந்தியப் பருத்திக் கழகத்தின் கொள்முதல் மையத்தை அணுகலாம். ஈரம் 8 சதவிகிதத்துக்கு மேல் போனால் விலையில் பிடிப்பார்கள். 12-ஐத் தாண்டினால் வாங்க மாட்டார்கள். பருத்தியை நன்றாக உலர்த்தி, ரகம் பிரித்துக் கொண்டுபோங்கள்.