பால்மரப் பட்டையில் ஓர் உயிரணுப் பாடம்

உயிர்களின் உடல் யாவும் உயிரணுக்களால் ஆனவை என்பதை இடைநிலைப் பள்ளி மாணவர் யாவரும் அறிவர். ஆயினும் அவர்கள் மனத்தில் உயிரணு எவ்வாறு நிற்கிறது என்று கேட்டால், பாடநூலில் வரைந்த ஒரு நீள்கட்டமும் அதற்குள் சிதறிக் கிடக்கும் சில மணிகளுந்தாம் தோன்றும். நடுவில் இருப்பது உட்கரு. ஓரத்தில் இருப்பது இழைமணி. சுற்றி இருப்பது சவ்வு. பெயர்களை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுகிறார்கள். அம்மணிகள் என்ன தொழில் செய்கின்றன, சவ்வு ஏன் இருக்கிறது, அது கிழிந்தால் என்ன நேரும் என்பன எல்லாம் படத்தில் இல்லை. நான்காம் படிவ மாணவர் வெங்காயத் தோலை உரித்து உப்புநீரில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். அது நல்ல பயிற்சியே. எனினும் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழ் மாணவருக்கு வெங்காயத்தினும் சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அவர்களுடைய பாட்டனும் பாட்டியும் நாள்தோறும் இருட்டில் எழுந்து சென்று உளியால் தொட்ட பால்மரமே அது.

பிரேசில் நாட்டு மரமாகிய ரப்பர், 1877-இல் 22 நாற்றுகளாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. அங்குத் தாவரத் தோட்டத்தின் தலைவராக 1888-இல் பொறுப்பேற்ற ரிட்லி என்பவர்தாம் மரத்தைக் கொல்லாமல் பாலெடுக்கும் முறையைக் கண்டார். அதுவரை கத்தியால் கொத்தியும் கோடரியால் பிளந்தும் பாலெடுத்தார்கள். ரிட்லியோ, வெட்டிய இடத்திலேயே மறுபடியும் ஒரு மெல்லிய சீவல் எடுத்தால் பால் குறையாமல், முன்னிலும் மிகுந்து வருவதைக் கண்டார். மரத்திற்குக் காயம் பட்டால் பால் வற்றுவதற்கு மாறாகச் சுரப்பதேன்? இக்கேள்விக்கு விடை காண ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பிடித்தன. விடையின் பெரும்பகுதி கிடைத்த இடமும் தொலைவில் இல்லை. 1925-இல் அமைக்கப்பெற்றுக் கோலாலம்பூரில் தலைமை நிலையமும் சுங்கை பூலோவில் ஆய்வுத் தோட்டமும் கொண்டிருந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகமே அது. அக்கழகம் 1998-இல் மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைந்தது. சுங்கை பூலோ ஆய்வுத் தோட்டத்தின் பெரும்பகுதி இன்று குவாசா டாமன்சாரா என்னும் நகரமாகி வருகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். மங்கில் வடியும் பால், வேர் உறிஞ்சிய நீரன்று. இலை சமைத்த சர்க்கரைச் சாறும் அன்று. மரம் கழித்த கழிவும் அன்று. அஃது உயிருள்ள அணுக்களின் உள்ளீடே ஆகும். பட்டைக்குள், உணவு கடத்தும் திசுவின் நடுவே, நீண்ட அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. அவை வளரும்போது இடையில் உள்ள சுவர்கள் கரைந்து துளைபட்டு, ஓரணுவின் உள்ளீடும் மற்றோரணுவின் உள்ளீடும் கலந்துவிடுகின்றன. பல வீடுகளின் இடைச்சுவரை இடித்து ஒரே நீண்ட லயமாக்கினாற்போல இவ்வணுக்கள் பால்குழல்களாகின்றன. முற்காலத் தமிழ் நூல்கள் சிலவற்றில் உயிரணுவைக் ‘கண்ணறை’ என்றார்கள். அழகான சொல்தான். ஆயினும் அறையின் சுவரே கரைந்துபோகும் இவ்விடத்தில் அச்சொல் சற்று இடர்ப்படுகிறது. ‘உயிரணு’ என்பதே பொருந்துகிறது.

பால்குழல்கள் மரத்தைச் சுற்றி வளையம் வளையமாக அமைந்துள்ளன. ஒரு வளையத்துக் குழல்கள் தமக்குள் வலைபோல் பின்னிக்கொண்டிருக்கும். அடுத்த வளையத்தோடு அவற்றுக்குத் தொடர்பு மிகக் குறைவு. மேலும் அவை நேர்நிமிர்ந்து செல்லாமல், மேலே செல்லச் செல்லச் சில பாகை வலப்புறம் சாய்கின்றன. வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்திருப்பது இதனால்தான். அக்கோடு, எதிர்த்திசையில் சரிந்த கோட்டினும் மிகுதியான குழல்களை அறுக்கும். உளி பிடித்தவர் பெரும்பாலும் வலமிருந்து இடமாகக் கோடு இறக்கியதில்லை. காரணம் கேட்டால் ‘அப்படித்தான் வெட்டணும்’ என்பார்கள்.

வெட்டின் ஆழம் இன்னும் நுட்பமானது. குழல்கள் பட்டையின் உட்பகுதியில்தான் செறிந்துள்ளன. அவற்றை அடுத்து உள்ளே இருப்பது வளர்படை என்னும் மிக மெல்லிய அணு அடுக்கு. புதிய மரமும், புதிய பட்டையும், புதிய பால்குழல்களும் பிறப்பது அதிலிருந்தே. உளி ஆழம் குறைந்தால் பால் இல்லை. ஒரு மயிரிழை மிகுந்தால் வளர்படை அறுபட்டு, அவ்விடத்தில் பட்டை ஒழுங்காக வளராமல் முண்டும் முடிச்சும் ஆகிவிடும். ஆகவே வளர்படைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட்டு நிறுத்த வேண்டும். இதனைத் தலைவிளக்கின் சிறு வெளிச்சத்தில், கொசுக்கடியில், ஒரு காலைப்பொழுதுக்குள் நூற்றுக்கணக்கான மரங்களில் செய்தார்கள். வளர்படையைக் கண்ணால் காணாமலே அதன் எல்லையைக் கையால் அறிந்திருந்த அம்மக்களைத் ‘திறனற்ற தொழிலாளர்’ என்று ஏட்டில் எழுதியது எவ்வளவு பொருந்தாத செயல்!

இனிப் பாலின் உள்ளே செல்வோம். 1953-இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் குக், சேகர் என்னும் இருவர் புதுப்பாலை ஒரு சுழற்பொறியில் இட்டுப் புவியீர்ப்பைப்போல் 59,000 மடங்கு விசையில் சுழற்றினர். சேகர் என்பவர், 1929-இல் சுங்கை பூலோவை அடுத்த உலு பூலோ தோட்டத்தில் பிறந்து, 1966-இல் அக்கழகத்தின் முதல் ஆசியத் தலைவராக உயர்ந்த பா. ச. சேகர் ஆவார். சுழன்று நின்ற குழாயில் பால் நான்கு பெரும்பகுதிகளாகப் பிரிந்திருந்தது. மேலே வெள்ளை வெண்ணெய்போல் ரப்பர். அதன்கீழ் மஞ்சள் துகள்கள். நடுவே தெளிந்த நீர். அடியில் சாம்பல் மஞ்சள் நிறத்தில் ஒரு கூழ். 1959-இல் மொயிர் என்பவர் இன்னும் நுணுகிப் பதினொரு பகுதிகளைக் காட்டினார். வெண்மையாய் ஒன்றுபோல் தோன்றும் பால், பல நுண்ணுறுப்புகளின் கூட்டம் என்பது இவ்வாறு கண்கூடாயிற்று.

மேலே மிதந்த ரப்பர்த் துகளைக் கவனித்தால் சவ்வு பற்றிய முதற்பாடம் கிடைக்கும். சவ்வு என்றால் கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக, வால் உள்ளேயும் தலை வெளியேயும் வைத்து நிற்பது என்று மாணவர் படிக்கின்றனர். ரப்பர்த் துகளைச் சுற்றி இருப்பதோ ஓரடுக்கே. ஏன்? இரண்டடுக்குச் சவ்வுக்கு இருபுறமும் நீர் உண்டு. ஆகவே நீரை விரும்பும் தலைகள் இருபுறமும் தேவை. ரப்பர்த் துகளின் உட்புறத்தில் நீர் இல்லை. நீரை வெறுக்கும் ரப்பரே உண்டு. வால்கள் அதனுள் இயல்பாகப் புதைந்துகொள்கின்றன; தலை ஒருபுறம் இருந்தால் போதும். இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட்டால், இரண்டடுக்கின் காரணத்தை மாணவன் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. மேலும் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் உள்ளது. ஒன்றை ஒன்று தள்ளுவதால் அவை ஒட்டாமல் மிதக்கின்றன. ஆலையில் அமிலம் ஊற்றினால் அம்மின்னேற்றம் அழிந்து பால் உறைகிறது.

அடியில் தங்கிய கூழே நம் கதையின் தலைவன். அதில் உள்ளவை லூட்டாய்டு எனப்படும் நுண்குமிழிகள். சில மைக்ரோமீட்டர் குறுக்களவு உள்ளவை. 1948-இல் ஹோமன்ஸ், வான் கில்ஸ் என்னும் இருவர் இப்பெயரை இட்டனர். தாவர அணுவின் நடுவே பெரிய சாற்றுக் குமிழி ஒன்று இருக்குமன்றோ? பால்குழலில் அது நொறுங்கிப் பல்லாயிரம் சிறு குமிழிகளானாற்போன்றவையே இவை. ஒற்றைச் சவ்வு சூழ்ந்த இக்குமிழியின் உள்ளே புளிப்பு மிகுதி. வெளியில் உள்ள உயிர்க்கூழோ ஏறத்தாழ நடுநிலையானது. ஹைட்ரஜன் அயனிகள் வெளியைவிட உள்ளே பத்து மடங்குக்கும் மேல் செறிந்துள்ளன.

நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானே ஓடும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றம் இறைக்க ஆள்வலி வேண்டும். அதுபோலவே செறிவு குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்கு அயனியை ஏற்ற ஆற்றல் வேண்டும். லூட்டாய்டின் சவ்வில் பதிந்த புரதங்கள் ஏ.டி.பி. என்னும் ஆற்றல்மிகு பொருளைச் செலவிட்டு இவ்வேற்றத்தை இறைக்கின்றன. அவ்வாறு ஏற்றிய அயனிகள் திரும்பி வழியத் துடிக்கும் விசையைக் கொண்டே கால்சியம், மக்னீசியம், சிட்ரிக் அமிலம் முதலியன உள்ளே சேர்க்கப்படுகின்றன. செரிக்கும் நொதிகளும் அங்கே அடைபட்டுள்ளன. அச்சவ்வு காத்து நிற்கும்வரை பால் பாலாக ஓடும். அது கிழிந்தால் உறையும்.

உட்கருவும் இழைமணிகளும் பெரும்பாலும் வெளியே வருவதில்லை என்பது வியப்பான செய்தி. அவை குழலின் ஓரத்தை ஒட்டி நின்றுகொள்கின்றன. ஓடிப்போன உள்ளீட்டை மீண்டும் உண்டாக்கும் பொறுப்பு அவற்றுக்கு உரியது.

இனி, பால்வெட்டு ஏன் விடியுமுன்? பால்குழலின் உள்ளே சர்க்கரை, உப்பு முதலியன கரைந்திருப்பதால், நீர் சவ்வூடு பரவல் முறையில் உள்ளே புகுகிறது. சுவர் அதற்கு எதிரே இறுக்குகிறது. இதுவே விறைப்பழுத்தம். 1964-இல் பட்டரி, போட்மன் என்பவர்கள் பட்டையில் நுண்குழாயைச் செருகி அவ்வழுத்தத்தை நேரே அளந்தார்கள். வைகறையில் அது பத்து வளிமண்டல அழுத்த அளவில் இருந்தது. மோட்டார் வண்டிச் சக்கரத்துக் காற்றின் அழுத்தம் இரண்டு மட்டுமே என்றால், பட்டைக்குள் அடங்கிய விசையை உணரலாம். வெயில் ஏறியதும் இலைகள் நீரை ஆவியாக்க, பட்டையின் நீர் இழுபட்டு அழுத்தம் தாழ்கிறது. பத்து மணிக்கு வெட்டினால் பால் குறையும் என்று கங்காணி அதட்டியது வீண் அதட்டல் அன்று.

வெட்டியவுடன் அழுத்தம் சட்டென்று விழுகிறது. சுற்றியுள்ள அணுக்களிலிருந்து நீர் குழலுக்குள் பாய்ந்து பாலை நீர்க்கச் செய்து ஓட்டத்தை நீட்டிக்கிறது. பால்குழலுக்கும் அயல் அணுக்களுக்கும் இடையே நேர்த்துளைகள் காண்பது அரிது; ஆகவே நீரும் சர்க்கரையும் சவ்வைக் கடந்தே வரவேண்டும். நீருக்கெனத் தனிவாயிலாக அமைந்த புரதங்கள் உண்டு. அக்குவாபோரின் எனப்படும் அவற்றைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் ஆக்ரி 2003-இல் நோபல் பரிசு பெற்றார். பால்குழலின் சவ்விலும் அவை உள்ளன. சர்க்கரைக்கு வேறு வாயில். அது ஹைட்ரஜன் அயனியைத் துணைகொண்டே நுழைகிறது. அச்சர்க்கரையே பின்னர் ரப்பராகிறது.

அப்படியானால் பால் ஏன் சில மணி நேரத்தில் நிற்கிறது? அழுத்தம் தீர்ந்ததால் என்றே நெடுங்காலம் எண்ணினர். 1966-இல் போட்மன் ஒரு சோதனை செய்தார். ஓட்டம் தளர்ந்தபின் வெட்டுவாயில் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்தார். பால் மீண்டும் விரைந்து ஓடிற்று. ஆக, உள்ளே பால் இருக்கிறது, வாய்தான் அடைபட்டிருக்கிறது. அடைத்தது யார்? சதொர்ன் என்பவரின் ஆய்வுகள் அதனைக் காட்டின. பால் குழலைப் பிய்த்துக்கொண்டு ஓடும் வேகத்தில் லூட்டாய்டுகள் உராய்ந்து கிழிகின்றன. நீர்த்துப்போன பாலில் நீர் அவற்றுள் புகுந்து உப்பச் செய்வதும் கிழிவுக்குத் துணையாகிறது. கிழிந்ததும் கால்சியமும் மக்னீசியமும் வெளிப்பட்டு ரப்பர்த் துகள்களின் மின்னேற்றத்தைத் தணிக்கின்றன. ஹெவின் என்னும் 43 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதமும் வெளிவந்து, துகளையும் துகளையும் பாலமாக இணைக்கிறது. உறைந்த கட்டி குழல்வாயை மூடுகிறது. நம் உடலில் காயம் பட்டால் குருதி உறைவதற்கு ஒப்பான ஏற்பாடு இது. மறுநாள் வெட்டுமுன் உரித்தெடுக்கும் கோட்டுப்பால் இக்கட்டியின் வெளிப்பகுதியே. மழைநீர் கலந்த பால் மங்கிலேயே திரிவதற்கும் லூட்டாய்டு வெடிப்பது ஒரு காரணம்.

1960களின் இறுதியில் எத்திஃபோன் என்னும் மருந்து பட்டையில் பூசப்படலாயிற்று. அது திசுவுக்குள் எத்திலீன் வாயுவாகச் சிதைந்து, அடைப்பைத் தாமதப்படுத்தி, ஓட்டத்தை நீட்டுகிறது. பால் மிகுந்தது. ஆயினும் ஓடிய உள்ளீட்டை ஈடுசெய்யச் சர்க்கரையும் காலமும் வேண்டும். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் வழக்கம் இதனால் ஏற்பட்டதே. ஓய்வின்றி வெட்டியும் அளவின்றி மருந்து பூசியும் பிழிந்த மரங்களில், குழலுக்குள்ளேயே லூட்டாய்டுகள் சிதைந்து பால் உறைந்து, வெட்டுவாய் உலர்ந்துபோகிறது. மரம் காய்ந்தால் எடைக்குக் கூலி வாங்கியவரின் வருவாயும் காய்ந்தது. அக்கணக்கைத் தோட்டத்தில் எல்லாரும் அறிவர்.

ஹெவின் புரதத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. காயத்தின் வழியே நுழையும் பூஞ்சைகளின் சுவர்ப்பொருளாகிய கைட்டினைப் பற்றி, அவற்றின் வளர்ச்சியைத் தடுப்பதும் அதன் தொழில். அதே புரதம் மருத்துவக் கையுறைகளில் தங்கிவிட்டால், சிலருக்குத் தோல் தடிப்பும் மூச்சுத் திணறலும் உண்டாக்குகிறது. கிள்ளானைச் சுற்றியுள்ள ஆலைகளில் ரப்பர்க் கையுறைகளை நீரில் அலசி எடுப்பதன் ஒரு நோக்கம், லூட்டாய்டிலிருந்து வந்த அப்புரதத்தையும் அதன் கூட்டாளிகளையும் கரைத்து நீக்குவதே ஆகும்.