டோனி மாரிசன் அம்மையாரும் வரலாற்று நாவலும்

வரலாறு என்பது நிகழ்ந்தவற்றை உள்ளவாறே உரைப்பது. நாவல் என்பது நிகழாதவற்றையும் நிகழ்ந்தவை போலப் புனைந்துரைப்பது. இவ்விரண்டும் தம்முள் மாறுபட்ட இயல்பினவாகலின், வரலாற்று நாவல் என்னும் தொடரே பொருந்தாதென்று கருதுவாரும் உளர். அக்கருத்து எத்துணைப் பொருத்தமுடைத்து என்பதை, ஆசிரியத் தொழிலையும் நாவற் பணியையும் ஒருங்கே மேற்கொண்ட டோனி மாரிசன் என்னும் அமெரிக்கப் பெண்மணியாரின் வாழ்வு கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அம்மையார் 1931 ஆம் ஆண்டு ஒகையோ மாகாணத்து லொரேய்ன் என்னும் ஊரிற் பிறந்தார். அடிமை வாழ்வினின்றும் விடுபட்ட கறுப்பின மக்களின் வழிவந்தவர். இயற்பெயர் குளோயி. 12 ஆம் வயதிற் கத்தோலிக்கத் திருச்சபையிற் சேர்ந்தபோது ஏற்ற அந்தோனி என்னும் ஞானஸ்நானப் பெயரே பின்னர் டோனி எனக் குறுகிற்று. ஹோவர்டு சர்வகலாசாலையில் 1953 இற் பட்டம் பெற்றார். கார்னெல் சர்வகலாசாலையில் 1955 இல் எம். ஏ. பட்டம் எய்தினார். சில ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தபின், ராண்டம் ஹவுஸ் என்னும் பதிப்பகத்திற் பதிப்பாசிரியராய் அமர்ந்தார். அவர்தம் முதல் நாவல் 1970 இல் வெளிவந்தது.

1974 ஆம் ஆண்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாழ்வைக் காட்டும் பழம் பத்திரிகைத் துணுக்குகள், விளம்பரங்கள், நிழற்படங்கள் முதலியவற்றின் தொகுதியொன்று அம்மையாரின் மேற்பார்வையில் அப்பதிப்பகத்தின் வாயிலாக வெளிவந்தது. அதன்பொருட்டுத் திரட்டிய ஏடுகளுள், மார்கரெட் கார்னர் என்னும் அடிமைப் பெண்ணைப் பற்றிய செய்தியொன்று அவர் கண்ணிற் பட்டது. 1856 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், கென்டக்கி மாகாணத்தினின்றும் அவள் தன் கணவனோடும் மக்களோடும் தப்பி, உறைந்து கிடந்த ஒகையோ ஆற்றைப் பனிக்கட்டியின்மேல் நடந்தே கடந்து, அடிமை முறையில்லாத சின்சினாட்டி நகரை அடைந்தாள். ஆயினும், தப்பியோடிய அடிமைகளை அத்தகைய மாகாணங்களிலும் பிடித்து மீட்டற்கு 1850 ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தது. பிடிக்க வந்தோர் வீட்டைச் சூழ்ந்தபோது, தன் மகவு மீண்டும் அடிமையாதலைப் பொறாத அத்தாய், இரண்டு வயதுப் பெண்குழந்தையைத் தன் கையாலேயே கொன்றாள்.

வழக்கில் எழுந்த வினா யாதெனின், அவள் மனிதப் பிறவியோ, உடைமைப் பொருளோ என்பதே. அடிமை முறையை எதிர்த்தோர் அவள்மீது கொலைக் குற்றம் சாட்டுமாறு வேண்டினர். அவளுக்கு இரங்கியோரே இங்ஙனம் வேண்டியது வியப்பைத் தரலாம். கொலை செய்தாளென்று விசாரிப்பின், அவள் தன் செயலுக்குத் தானே பொறுப்புடையவள் என்பதும், இறந்த குழந்தையும் மனித உயிரே என்பதும் ஒப்புக்கொள்ளப்படும். ஆனால், உடைமையைத் திருப்பித் தருக என்று கேட்ட ஆண்டையின் பக்கமே தீர்ப்பாயிற்று. மீண்டும் அடிமையாய்க் கொண்டுசெல்லப்பட்ட அவள் 1858 இற் காய்ச்சலால் மாண்டாள்.

இவ்வளவும் ஏடுகள் உரைப்பன. அவள் செய்தது யாதென அவை காட்டுகின்றன; அதன்பின் அவள் உறங்கினாளா, இறந்த குழந்தையோடு நெஞ்சிற் பேசினாளா என்பவற்றை அவை காட்டா. அவள் தானே எழுதிவைத்த வரலாறும் இல்லை. இந்த வெற்றிடத்தையே அம்மையார் தம் நாவலுக்குக் களமாகக் கொண்டார். 1987 இல் வெளிவந்த 'பிலவெட்' என்னும் அந்நாவலின் பெயர் 'அன்பிற்குரியவள்' எனப் பொருள்படும். தாயாற் கொல்லப்பட்ட மகவின் கல்லறையிற் பொறிக்கப்பட்ட ஒரே சொல் அதுவாம். அம்மகவே இளம் பெண்ணாய் மீண்டும் தாயின் வீட்டு வாயிலுக்கு வருகின்றதாகக் கதை செல்கின்றது. இந்நாவல் 1988 இற் புலிட்சர் பரிசு பெற்றது.

கற்பனை கலப்பின் உண்மை கெடாதோ எனின், கூறுவோம். அம்மையார் கார்னரின் பிற்கால வாழ்வை விரிவாக ஆராயாது, வேண்டுமென்றே விடுத்தார். தம் கதைத்தலைவியைத் தாமே படைக்க விரும்பினார். கார்னர் அடிமையாய்த் திரும்பினாள். கதைத்தலைவியோ விடுதலை பெற்று, தன் நினைவுகளோடு வாழ்கின்றாள். ஆகலின் வழக்கின் முடிவை அறிய விழைவோர்க்கு ஆவணமே வேண்டும். நாவல் அதற்கு ஈடாகாது. ஆனால், அடிமைகளின் வாயிற் பூட்டப்பெற்ற இரும்புக் கடிவாளம் போன்ற கொடுமைகள் அந்நாவலிற் புனைவாய் நுழைந்தவை அல்ல. வரலாற்றில் உண்மையாய் இருந்தவை. நிகழ்ந்த காலத்தின் உண்மையைப் போற்றி, ஏடுகள் மௌனமாயிருக்கும் இடத்திற் பேசுதலே இக்கலையின் எல்லை என்பது எம் துணிபு.

2008 இல் வெளிவந்த 'எ மெர்சி' என்னும் நாவலில், அம்மையார் 17 ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் குடியேற்ற நாட்டிற்குச் சென்றார். ஆப்பிரிக்கச் சிறுமியும், அந்நாட்டுப் பழங்குடிப் பெண்ணும், இலண்டனினின்று மணம்புரிய வந்த பெண்ணும் ஆங்கு ஒரு பண்ணை வீட்டில் வாழ்கின்றனர். அடிமைத்தனம் தோலின் நிறத்தோடு முற்றும் பிணைக்கப்படுமுன் இருந்த காலம் அது. பல இனத்தார் வாழ்வு ஒருவர்க்கொருவர் எங்ஙனம் துணையும் பகையுமாயிற்று என்பதை அதிற் காண்கின்றோம்.

1989 முதல் 2006 வரை பிரின்ஸ்டன் சர்வகலாசாலையிற் பேராசிரியராய் விளங்கி, புனைகதை எழுதும் கலையையும் அவர் கற்பித்தார். 1993 இல் நோபெல் பரிசு எய்தினார். இலக்கியத்திற்காக அதனைப் பெற்ற முதற் கறுப்பினப் பெண்மணி அவரே. 2019 இல், தம் 88 ஆம் வயதில், காலமானார். தாம் அறிந்ததையே எழுதுக என்று மாணவர்க்கு வழிவழியாய்க் கூறப்படும் அறிவுரையை அவர் ஏற்கவில்லை. இளையோர் அறிந்தது சிறிதே. ஆகலின் தம் வாழ்வுக்குப் புறம்பான ஒருவரை, ஆங்கிலம் நன்கு பேசவறியாத மெக்சிக்க உணவுவிடுதிப் பணிப்பெண் போன்றாரை, உள்ளத்திற் கண்டு எழுதுமாறு பணித்தார்.

அறிந்ததையே எழுதுதல் வேண்டுமெனின், அடிமைத்தளையை நேரில் அறியாத அம்மையார் அத்தாயின் கதையை எழுதியிரார். பிறர் உள்ளத்திற் புகுதற்கு உழைப்பும் அடக்கமும் வேண்டும்; தம் துயரைத் தாமே எழுதிவைக்க இயலாதிருந்தோரை நினைக்கும்போது அவ்வுழைப்பு கடமையாகவும் ஆகின்றது. எழுதப் பயிலும் எம் போன்ற மாணவர்க்கு அம்மையார் விட்டுச்சென்ற பாடம் இதுவே.