காத்தோ: பூனையும் ஜாக்கியும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிச் செல்லும் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஜாக்கி இல்லாத பஞ்சர் கடை கிடையாது. சரக்கு லாரியின் அச்சைத் தூக்கி நிறுத்தும் இந்தக் கருவிக்கு ஸ்பானிய மொழியில் 'காத்தோ' என்று பெயர். ஆனால் ஸ்பானியம் கற்பவர் முதலில் படிப்பது, காத்தோ என்றால் பூனை என்பதுதான். இவை இரண்டோடு நிற்கவில்லை அந்தச் சொல். மாட்ரிட் நகரில் பிறந்தவரையும் செல்லமாகக் காத்தோ என்பார்கள். ஒன்பது கட்டங்களில் பெருக்கல் குறியும் வட்டமும் போட்டு ஆடும் ஆட்டத்துக்கு மெக்சிகோவில் அதே பெயர்.

இத்தனை பொருளை எப்படிப் பிரித்தறிவது? பக்கத்தில் வரும் சொல்லைப் பார்க்க வேண்டும். 'காத்தோ இத்ரௌலிகோ' என்றால் ஹைட்ராலிக் ஜாக்கி. அங்கே பூனைக்கு இடமே இல்லை. நாமும் அப்படித்தான் புரிந்துகொள்கிறோம். குதிரைப் பந்தயத்தில் ஜாக்கி என்றால் குதிரை ஓட்டுபவர். டயர் மாற்றும்போது ஜாக்கி என்றால் கருவி. யாருக்கும் குழப்பம் வருவதில்லை.

சொல்லின் பொருள் மனதில் தங்க, அது குறிக்கும் கருவி வேலை செய்யும் விதத்தையும் அறிந்துகொள்வது நல்லது. பாட்டில் வடிவ ஹைட்ராலிக் ஜாக்கிக்குள் எண்ணெய், ஒரு சிறிய பிஸ்டன், ஒரு பெரிய பிஸ்டன் இருக்கின்றன. மூடிய திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிளேஸ் பாஸ்கல் விளக்கினார். அந்த விதிதான் இங்கே வேலை செய்கிறது. சிறிய பிஸ்டனின் பரப்பு 1 சதுர செ.மீ., பெரியதன் பரப்பு 20 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சிறியதில் 100 கிலோ எடைக்குச் சமமான விசை கொடுத்தால் பெரியது 2,000 கிலோவைத் தூக்கும். கைப்பிடி நெம்புகோலாக இருப்பதால் அந்த 100 கிலோவைக் கொடுக்கக் கையின் வலு போதும். இந்த லாபத்துக்கு விலையும் உண்டு: சிறிய பிஸ்டன் 20 மி.மீ. இறங்கினால் பெரியது 1 மி.மீ.தான் ஏறும். அதனால்தான் பல முறை பம்ப் அடிக்கிறோம். ஏறிய எண்ணெய் திரும்பாதபடி ஒருவழி வால்வு தடுக்கிறது. அடியிலுள்ள திருகைத் தளர்த்தினால் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பி, வண்டி மெல்ல இறங்குகிறது.

எண்ணெய் கசிந்தால் வண்டியும் இறங்கிவிடும். ஆகவே ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு வைக்க வேண்டும் என்பது எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் பொருந்தும் விதி. இந்த எச்சரிக்கை ஸ்பானியம் பேசும் நாடுகளுக்கும் பொருந்தும். திருவள்ளூர் மாவட்டத்தின் எண்ணூர் காமராஜர் துறைமுகம் வழியாகக் கார்கள் ஏற்றுமதியாகின்றன. சென்னை வட்டாரத்தில் செய்த கார்கள் மெக்சிகோவிலும் ஓடுகின்றன. அங்கே கார் கையேட்டில் அந்த எச்சரிக்கையைப் படிப்பவர் 'காத்தோ' என்ற சொல்லைத்தான் பார்ப்பார். ஆகவே ஸ்பானியம் கற்பவர் குறிப்பேட்டில் தனிச்சொல்லாக எழுதாமல், 'காத்தோ இத்ரௌலிகோ' என்று துணைச்சொல்லோடு சேர்த்து எழுதிவைப்பது நல்லது.