படிக்கவும் நடக்கவும்: சியெகோ அசகாவாவின் நாற்பது ஆண்டுகள்

ஜப்பானில் 1958இல் பிறந்த சியெகோ அசகாவாவுக்குச் சிறுவயதில் நீச்சல் குளத்தில் கண்ணில் அடிபட்டது. பார்வை மெல்ல மங்கி, 14 வயதில் முழுதும் போய்விட்டது. கூடவே இரண்டு சுதந்திரங்களும் போயின. தானாகப் படிக்க முடியவில்லை. தனியாக நடமாட முடியவில்லை. 1985இல் ஐபிஎம் நிறுவனத்தின் டோக்கியோ ஆய்வகத்தில் சேர்ந்தது முதல், மனிதருக்கும் கணினிக்கும் இடையிலான ஊடாட்டம் பற்றிய அவரது ஆராய்ச்சி இந்த இரண்டையும் மீட்கும் பணியாகவே இருந்துவருகிறது.

படிப்பு: அன்று

1980களில் பார்வையற்ற ஒருவர் புத்தகம் படிக்க வேண்டுமென்றால், பல நேரம் யாராவது உட்கார்ந்து அதைப் பிரெய்லில் எழுதித் தர வேண்டும். தன்னார்வலர்கள் பாடுபட்டு உருவாக்கும் பிரதி பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். ஒருவர் எடுத்துச் சென்றால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும். அச்சில் கைக்கு அடக்கமான அகராதி, பிரெய்லில் அலமாரியையே அடைத்துக்கொள்ளும். அன்றைய செய்தித்தாளை அன்றே படிப்பது நடவாத காரியம். பிரெய்லைக் கணினிக்குள் கொண்டுவந்து, திருத்தவும் பிரதி எடுக்கவும் நூலகங்கள் பகிர்ந்துகொள்ளவும் வழிசெய்வதுதான் அசகாவாவின் தொடக்ககால வேலை.

அதற்குள் கணினியே மாறிவிட்டது. எழுத்து மட்டும் ஓடிய பழைய திரையைக் குரலாக்குவது ஓரளவு எளிது. படங்களும் சன்னல்களும் மவுஸும் வந்ததும் அந்த வழி அடைபட்டது. இணையம் பரவியபோது, 1997இல், ‘ஹோம் பேஜ் ரீடர்’ என்ற குரல் உலாவியை அசகாவா கொண்டுவந்தார். விசைப்பலகையின் எண் விசைகளே அதை இயக்கப் போதும். சாதாரண வரிகளை ஆண்குரல் வாசிக்கும். இணைப்புகளைப் பெண்குரல் வாசிக்கும். எதைத் தட்டினால் அடுத்த பக்கத்துக்குப் போகலாம் என்பது காதுக்கே தெரிந்தது. பார்வையுள்ளவர் அடிக்கோட்டையும் நிறத்தையும் கண்டு உணர்வதைக் குரல் வேறுபாட்டால் உணர்த்திய நுட்பம் இது.

படிப்பு: இன்று

இன்று, திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. இடையில், விசைகளே இல்லாத தொடுதிரை வந்தபோது கதவு மீண்டும் மூடிக்கொண்டது. திரையில் விரல் படும் இடத்தைக் குரலில் சொல்லும் ஏற்பாடு 2009இல் ஐபோனில் வந்தபின்தான் அது திறந்தது. ஆனால் படத்துக்கு விளக்கமும் பொத்தானுக்குப் பெயரும் எழுதாமல் விட்டால், குரல் வெறுமனே ‘பொத்தான்’ என்று சொல்லி நின்றுவிடும். இணைய அணுகலை ஆராயும் வெப்எய்ம் அமைப்பு 2024இல் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்தபோது, 95.9 சதவீதப் பக்கங்களில் அணுகல் குறைகள் இருந்தன. கருவி வளர்ந்த அளவுக்கு அக்கறை வளரவில்லை.

நடை: அன்றும் இன்றும்

வெள்ளைக் கோல் காலடியில் இருப்பதைச் சொல்லும். தொலைவில் இருக்கும் கடை எது, எதிரே வருபவர் யார் என்பதை அதனால் சொல்ல முடியாது. செயற்கைக்கோள் வழிகாட்டியும் கட்டடத்துக்குள் சரியாக வேலை செய்யாது. 2014 முதல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய அசகாவா, அங்குள்ள குழுவோடு ‘நேவ்காக்’ செயலியை உருவாக்கினார். கட்டடத்தில் பொருத்திய சிறு புளூடூத் கருவிகளின் அலைகளைக் கைப்பேசி உள்வாங்கி, திரும்ப வேண்டிய இடத்தைக் குரலில் சொல்லும்.

அடுத்து வந்தது, பெட்டி வடிவில் வழிகாட்டும் ரோபோவான ‘ஏஐ சூட்கேஸ்’. பயணங்களில் பெட்டியைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போனால், தடையிலும் படியிலும் அதுவே முதலில் மோதித் தன்னைக் காப்பதை அசகாவா கவனித்திருந்தார். அந்தப் பெட்டியிலேயே மோட்டாரும், லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடாரும், கேமராவும் பொருத்தப்பட்டன. கைப்பிடியின் அதிர்வு, திரும்பும் திசையை உணர்த்தும். அசகாவா 2021 முதல் தலைமை வகிக்கும் டோக்கியோவின் மிராய்கன் அருங்காட்சியகத்திலும், 2025 ஒசாகா உலகக் கண்காட்சியிலும் மக்கள் அதைப் பிடித்து நடந்தார்கள். ஆனால் அதனால் படிக்கட்டு ஏற முடியாது. நெரிசலான தெருக்களும் இன்னும் சவால்தான்.

இந்த நாற்பது ஆண்டுகளில் ஒரே பாடம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு புதுக் கருவியும் முதலில் பார்வையற்றவரை வெளியே நிறுத்துகிறது. சில ஆண்டுகள் கழித்து யாரோ போராடிக் கதவைத் திறக்கிறார்கள். அந்த இடைவெளியில் வீணாவது ஒருவரின் படிப்பும் வேலையும். எனவே, செய்து முடித்த பொருளைச் சோதித்துப் பார்க்க மட்டும் பார்வையற்றவரை அழைப்பது போதாது. முதல் வரைபடம் போடும் மேசையில் அவருக்கும் நாற்காலி வேண்டும். அப்படி ஒருவர் அமர்ந்தால் என்னென்ன பிறக்கும் என்பதற்கு அசகாவாவின் வேலையே சான்று.